மூன்றாம் எச்சரிக்கை

நாலரைக்கு மூன்றாம் எச்சரிக்கை சொன்னார்கள்.
பேருந்துகள் எல்லாம் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன.
டிக்கெட் பையை ஒப்படைத்து வெளியே வந்தால்
கேத்தான் நிற்கிறான்,
இல்லாத சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.
அவன் வீடு மாயேபூரில். இனி போக வழியில்லை.
என் அறை ரோஸ் ஹில்லில், மூன்றாம் மாடி,
நடந்தால் பத்து நிமிஷம்.
"வா" என்றேன். வேறென்ன சொல்ல.

கடையில் ரொட்டி அடுக்கு
துடைத்து வைத்த பலகைபோல் இருந்தது.
மெழுகுவர்த்தி இல்லை. தண்ணீர் இல்லை.
குளிர்பெட்டியின் அடியில்
யாரும் சீண்டாத ஒரே ஒரு பிட்சா மாவு,
உறைக்குள் மூச்சு முட்டி உப்பி,
இன்றோடு சரி என்று மஞ்சள் சீட்டு ஒட்டி,
பாதி விலைக்கு.
எடுத்தேன். தக்காளி, ஒரு கட்டு தைம்,
சீஸ் ஒரு பாக்கெட்.
அவன் தனக்கென்று ஒரு சார்டின் டப்பா.

மாடி ஏறியதும் செருப்பைக் கழற்றினான்.
செருப்புக்குப் பக்கத்தில் சுவரோரமாக
சார்டின் டப்பாவையும் விட்டான்.
நான் வாயே திறக்கவில்லை.
"கரேம்தானே உனக்கு. ஆறாம் நாள்" என்றான்.
நான் ஐந்து என்றல்லவா நினைத்திருந்தேன்!
கதவைச் சாத்திவிட்டு
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று.
ஓவன் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.
இருப்பது ஒரு காஸ் அடுப்பு, ஃபராட்டா சுடும் கல்,
அதை மூட ஒரு குண்டான் மூடி.

மாவைத் தட்டினேன், விரிந்தது.
கையெடுத்தேன், சுருங்கியது.
சில்லறை கேட்டதும் பையை மூடிக்கொள்கிற பயணிபோல
ஓர் அங்குலம் தந்து
ஒன்றரை அங்குலம் பிடுங்கிக்கொண்டது.
ஆத்திரத்தில் இழுத்தேன்.
நடுவில் கிழிந்து
மேசைவிரிப்பின் நீலப் பூ ஒன்று முழுசாகத் தெரிந்தது.

"குளிர்ந்த எஞ்சினை மிதிக்காதே, வைதி."
கிழிசலைக் கிள்ளி ஒட்டினான். உருட்டினான்.
ஈரத்துணி போர்த்தினான்.
ரேடியோ அடுத்த செய்தி வாசிக்கும்வரை
யாரும் தொடக்கூடாது என்றான்.
அதுவரை நான் ருகாய் கிளறினேன்.
ஜன்னல் தன் சட்டத்துக்குள்
போவதா இருப்பதா என்று ஆடிக்கொண்டிருந்தது.

செய்தி வந்தது. காற்றின் வேகம் வந்தது.
துணியை விலக்கி
இரண்டு முஷ்டியின் மேலும் மாவை ஏற்றி
மெல்லத் திருப்பினான், இடது, வலது, மறுபடி இடது,
கூர்ப்பிப் மேட்டு வளைவில்
வண்டியைத் திருப்புகிற அதே தோள்.
மாவு ஒரு சொல் பேசாமல் வட்டமானது.

பிறகு கைப்பேசி வெளிச்சத்தில்
எனக்காக உறைகளை உரக்க வாசித்தான்.
மாவு: கோதுமை, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், எண்ணெய்.
"முட்டை இல்லை. பன்றிக்கொழுப்பு இல்லை. நல்லது."
சீஸ்: பால், உப்பு,

நிறுத்தினான்.
"மீதி பொடி எழுத்து. தெரியவில்லை."
உறையை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

கொட்டும் மழையில், ஐந்நூறு அடிக்கு அப்பால்
எதிர்வண்டியின் தடப்பலகையை வாசிக்கிறவன் அவன்.
நானோ,
சீஸ் உறையச் சிலதில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து
ஏதோ சேர்ப்பார்கள், பார்த்து வாங்கு மாமா என்று
அக்கா மகள் தேவியானி போன வருஷமே சொல்லியும்
கடையில் அந்தப் பாக்கெட்டின் முதுகைத்
திருப்பாமல் வந்தவன்.
இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடி கொஞ்சம் கருகிவிட்டது.
ஓரம் வேகவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில்
ருகாய் கசிந்து கல்லில் தீய்ந்து ஒரே புகை.
நாலாக வெட்டியதை எட்டாக வெட்டி
விரல் சுட இருட்டில் தின்றோம்.
"ஒரு சார்டின் இருந்திருந்தால்..." என்று தொடங்கி
அவனே சிரித்துக்கொண்டான்.

நள்ளிரவுக்குமேல் காற்று கட்டடத்துக்குள்ளேயே ஏறிவிட்டது.
வாசலில் எதுவோ சாய்ந்தது.
பிறகு டப்பா உருளும் சத்தம்.
இரண்டாம் மாடியில் இடித்து நின்றது,
கொஞ்ச நேரம் யோசித்துக் கிளம்பியது.
முதல் மாடியில் நின்றது. கிளம்பியது.
பாயில் படுத்தபடி இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்,
அந்த இரவில் தீவில் ஓடிய
ஒரே வண்டியை.